எரிமலை செட்: நுரைக்கு ரெண்டு ஸ்டார், கல் பெட்டிக்கு நாலு

குப்பத்தில் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்டில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன், அதனால் கல் என்று யார் எதை விற்றாலும் கையில் வாங்கிப் பார்க்காமல் விடமாட்டேன். எட்டாவது படிக்கும் மகள் கேட்டாளே என்று 1,150 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வாங்கியது இது. ஒரு பிளாஸ்டிக் மலை, ஆப்ப சோடா, சிட்ரிக் ஆசிட், சிவப்புச் சாயம், அப்புறம் பன்னிரண்டு கல் துண்டுகள்.

மலை சுத்த வேஸ்ட். சோடாவும் ஆசிட்டும் சேர்ந்தால் நுரை பொங்கும், சரி, ஆனால் எல்லா எரிமலையும் அப்படியா பொங்குகிறது? ஹவாயில் கிலாவேயா எரிமலையின் தீக்குழம்பு பெரும்பாலும் ஆறு மாதிரி ஓடுகிறது. அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18 அன்று வெடித்தபோது உச்சியில் சுமார் 400 மீட்டர் காணாமல் போனது, 57 பேர் செத்தார்கள். கூட வந்த புத்தகம் இரண்டையும் ஒரே படத்துக்குக் கீழே போட்டு முடித்துவிட்டது.

விஷயமே குழம்பு எவ்வளவு கெட்டி என்பதில்தான் இருக்கிறது. அதைக் காட்ட இந்த செட்டில் ஒன்றுமில்லை, நாங்களே செய்தோம். ஒரு டம்ளரில் தண்ணீர், இன்னொன்றில் ஆறிப்போன கேழ்வரகுக் கூழ், இரண்டிலும் ஸ்ட்ரா போட்டு ஊதச் சொன்னேன். தண்ணீரில் குமிழி சத்தமில்லாமல் வந்து போனது. கூழில் மெதுவாக உப்பி, உப்பி, பட்டென்று வெடித்து அவள் மூக்கு, கண்ணாடி, என் சட்டை எல்லாம் கூழ். ஹவாய்க் குழம்பில் சிலிக்கா, அதாவது குழம்பைக் கெட்டியாக்கும் மணல் சரக்கு, சுமார் 50 சதவீதம், சூடும் அதிகம், அதனால் இளக்கமாக இருந்து கேஸ் சுலபமாக வெளியேறிவிடும். செயின்ட் ஹெலன்ஸில் சிலிக்கா 60-க்கு மேல், சூடும் குறைவு. கரைந்திருக்கிற நீராவி மேலே வர வர அழுத்தம் குறைந்து குமிழியாகும், ஆனால் வெளியே போக வழி கிடைக்காது, கடைசியில் குழம்பையே தூளாக்கிக்கொண்டு கிளம்பும்.

கற்கள் மட்டும் அசல். நுரைக்கல் டம்ளர் தண்ணீரில் மிதந்தது, மகள் நம்பவே இல்லை. ரயோலைட்டையும் கிரானைட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: சரக்கு ஒன்றுதான், வெளியே வந்து சட்டென்று ஆறிய ரயோலைட்டில் மணியே தெரியாது, பூமிக்குள் ரொம்ப காலம் கிடந்து ஆறிய கிரானைட்டில் அரிசி அரிசியாகத் தெரியும். எங்கள் பக்கம் 'கறுப்பு கிரானைட்' என்று நாங்கள் விற்பது பெரும்பாலும் டோலரைட். அது பசால்ட் குழம்பு, அதாவது ஹவாய் மாதிரி இளக்கமான குழம்பு, மேலே வராமல் பாறை வெடிப்பிலேயே புகுந்து உறைந்தது. வாங்க வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் விலையைக் குறைக்கச் சொல்வார்கள், அதனால் சொல்வதில்லை.

ஒரு குறை. அப்சிடியன் என்கிற எரிமலைக் கண்ணாடித் துண்டு பார்சலிலேயே உடைந்திருந்தது, எடுத்தவுடன் மகள் விரலைக் கிழித்துவிட்டது. அது கண்ணாடிதானே, எச்சரிக்கை என்று ஒரு வரி போட்டால் என்ன? மெயில் போட்டதற்குப் பதிலே இல்லை.

கல் பெட்டியை மட்டும் தனியாக விற்றால் யூனிட்டில் மேஜைமேல் வைக்க ஒன்று வாங்குவேன், டோலரைட் துண்டை மட்டும் எடுத்து ஒளித்துவிட்டு.