ஆண்டிறுதி மழை மாதங்களில் நடக்க: தண்ணீர்மலையா, தெலுக் பஹாங்கா?

இலையுதிர்காலம் மலேசியாவின் பினாங்குத் தீவுக்குக் கிடையாது. ஆனால் செப்டம்பர், அக்டோபர் மழையில் காடு இன்னும் கரும்பச்சையாகிவிடும். அப்போது எங்கே நடப்பது?

தண்ணீர்மலையில் 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலை உச்சிக்குத் தார்ச்சாலை ஏறுகிறது. சுமார் 5 கிலோமீட்டர். செங்குத்துதான், முழங்கால் வலிக்கும். ஆனால் மழை பெய்தாலும் சேறு இல்லை. இறங்க மலை ரயில் இருக்கிறது. வயதான பெற்றோருடன் வருபவர்கள் ரயிலிலேயே ஏறி, உச்சியில் முருகன் கோயிலைச் சுற்றி நடக்கலாம்.

தெலுக் பஹாங்கில் 2003இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவோ உண்மையான காடு. 101ஆம் எண் பஸ் வாசல் அருகிலேயே விடுகிறது. வேர்களே படிகளாக இருக்கும் பாதையில் பந்தாய் கெராச்சுட் கடற்கரை வரை சென்றால், ஆமைப் பாதுகாப்பு மையமும் ஓர் அதிசய ஏரியும் உண்டு: மேலே நன்னீர், அடியில் உப்புநீர், இரண்டும் கலப்பதில்லை. மழைக்காலத்தில்தான் அந்த ஏரி நிறைந்திருக்கும். அதற்காகவே என் தேர்வு இதுதான், பாதை வழுக்கினாலும். அலை அதிகமானால் திரும்பும் படகை நம்ப முடியாது, காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.