ரிங் மாற்றி எஞ்சின் செய்த லொட்டோ வேன்: ஸ்டார்ட் ஆகாமல் படுத்திய பாடும் அதற்குப் பிறகு ஓடிய ஓட்டமும்

என்னிடம் இருப்பது டொயோட்டா டவுன்ஏஸ் சிஆர்27, இங்கே இலங்கையில் எல்லார் வாயிலும் லொட்டோ. 2சி டீசல் எஞ்சின், 1974 சிசி, டர்போ கிடையாது. நுவரெலியாவில் விடியக்காலை கரட், லீக்ஸ் மூட்டை, பிறகு ஸ்கூல் பிள்ளைகள், லீவு நாளில் கல்யாண ஹயர் என்று ஓடுகிற வண்டி. நானுஓயா ஏற்றத்தில் நீலப் புகை விட்டு ஆயில் குடிக்கத் தொடங்கியபோது விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. விற்றுவிட்டு எதை வாங்குவது? 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது, அதற்குள் பழைய வேன்களின் விலை எங்கேயோ போய்விட்டது. சரி, எஞ்சினையே செய்வோம் என்று 0.50 மில்லிமீட்டர் பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன், அதைச் சுற்றி அடைக்கிற ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டோம். சிலிண்டருக்கு மேல் மூடியாக உட்காரும் ஹெட்டையும் பிரஷர் டெஸ்ட் பண்ணினோம். 2சி ஒரு தடவை சூடேறினால் வால்வுகளுக்கு நடுவில் வெடிப்பு விழும், அதைப் பார்க்காமல் பூட்டினால் போட்ட காசெல்லாம் தண்ணீர். லேத் வேலை கண்டியில், பூட்டியது இங்கேயே ஒரு கராஜில்.

பூட்டி முடித்து சாவியைத் திருப்பினால் எஞ்சின் சோம்பலாகச் சுற்றியது, அவ்வளவுதான். பெட்டரி போதாது என்று லொறி பெட்டரியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அப்போதும் அதே முக்கல். காரணம் ரொம்பச் சின்னது: புளொக்கை அழகாகப் பெயின்ட் அடித்து, அந்தப் பெயின்டுக்கு மேலேயே ஏர்த் வயரை முறுக்கியிருந்தார்கள். இடத்தைச் சுரண்டி உலோகம் தெரியவைத்துப் பூட்டியதும் ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றியது. புது ரிங் இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கென்று ஒரு டீசல் எஞ்சின் அப்படி முக்காது.

நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை. கராஜ் பையன் ஒருவன் கயிறு கட்டி லொறியில் இழுத்துவிடலாம் என்றான், இன்னொருவன் காற்று போகிற வழியில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கலாம் என்றான். இரண்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை. டைமிங், அதாவது பிஸ்டனும் வால்வும் டீசல் பம்பும் ஒன்றுக்கொன்று நேரம் பொருந்துவது, எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இழுத்தால் வால்வு பிஸ்டனில் மோதலாம். ஸ்டார்ட் பண்ண உள்ளே சூடாக்குகிற ஹீட்டர் பிளக் சூடாக இருக்கிற எஞ்சினில் ஸ்ப்ரே அடித்தால் உள்ளே நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து புது ரிங்கே உடையும். பக்கத்துத் தோட்டத்தில் காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து லொறி பார்த்த ஒரு பாஸ், அதாவது மெக்கானிக், இருக்கிறார், அவரைக் கூட்டிவந்தேன். வந்தவர் ஸ்பேனரைக் கையிலேயே எடுக்கவில்லை. "சாவிய விடுங்க தம்பி. பொகை வருதா, வந்தா என்ன நெறம்? அத மொதல்ல சொல்லுங்க."

புகையே வரவில்லை. அப்படியென்றால் டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை. முதலில் டீசல் பம்பில் இருக்கிற, சாவி போட்டதும் டீசலுக்கு வழி திறக்கிற சொலனொய்டைப் பார்த்தோம், சாவி போட்டதும் 'டக்' என்று சத்தம் கேட்டது, அதில் கோளாறில்லை. அப்புறம் ஃபில்டர் மேலே இருக்கிற ஹேண்ட் பம்பை அது கல்லு மாதிரி இறுகும்வரை அமுக்கி, இன்ஜெக்டர் பைப் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி ஸ்டார்ட்டர் கொடுத்தபோது முதலில் நுரை, பிறகு விட்டு விட்டுச் சொட்டு, கடைசியில் நான்கிலும் சீராக டீசல். பம்பையும் பைப்பையும் கழற்றிப் பூட்டிய எந்த டீசலிலும் காற்று நிற்கும், இதைச் செய்யாமல் பெட்டரியைக் காய்ச்சுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

இப்போது புகை வந்தது, வெள்ளையாக, கண்ணைக் கரிக்கிற மாதிரி. டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். கராஜில் உடனே கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) இல்லை, திரும்பக் கழற்றவேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார்கள். மீட்டர் போட்டால் புத்தகத்தில் இருப்பதைவிடக் குறைவுதான், அதில் பொய்யில்லை. ஆனால் நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் சுமார் 80 வீதம்தான் இங்கே, எஞ்சின் உறிஞ்சுகிற காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அப்போது மீட்டரும் குறைத்துத்தான் காட்டும். ரிங் இன்னும் படியவும் இல்லை. நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒன்றாக நிற்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும், நின்றது. மலையில் இருக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காக ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள்.

ஹீட்டர் பிளக் நான்கையும் வெளியே எடுத்துப் பார்த்தோம், புதியவைதான், ஆனால் சிவக்க ரொம்ப நேரம் எடுத்தன. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற பிளக்குகள் வேறு வேறு வோல்ட்டுக்கு வருகின்றன, கடையில் பழைய பிளக்கைக் காட்டி அதிலுள்ள எண்ணைப் பார்த்து வாங்காவிட்டால் இப்படித்தான். கொழும்பு வெயிலில் இந்தக் குறை வெளியே தெரியாமலேகூடப் போயிருக்கும், இங்கே ஜனவரியில் புல்லில் உறைபனி கிடக்கும். சரியான பிளக் போட்டதும் எஞ்சின் ஒன்றிரண்டு தரம் இருமியது, ஆனாலும் பிடித்து ஓடவில்லை.

அப்போதுதான் பாஸ் முன் சீட்டைத் தூக்கி டைமிங் பெல்ட்டை மூடியிருக்கும் கவரைக் கழற்றச் சொன்னார். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) குறி சரி, கேம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) குறி சரி, டீசல் பம்ப் புல்லி மட்டும் ஒரு பல் பின்னால். இந்த மாதிரிப் பம்பில் உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, பெல்ட் இல்லாதபோது புல்லி குறியில் நிற்காமல் நழுவப் பார்க்கும். அதைப் பிடித்துக்கொண்டு பெல்ட் போட்டு, டென்ஷனரை இறுக்காமல் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகளைத் திரும்பப் பார்த்த பிறகுதான் இறுக்கவேண்டும். அந்த இரண்டு சுற்றை யாரோ சோம்பல்பட்டு விட்டிருக்கிறார்கள். ஒரு பல் என்றால் ஏதோ சின்ன விஷயம் என்று நினைப்போம், கிராங்கில் அது பத்து டிகிரிக்கு மேல், டீசல் அவ்வளவு பிந்தி விழுந்தால் குளிரில் எரியவே எரியாது. சரிபண்ணிப் பூட்டியதும் சாவி திருப்பிய கையோடு பிடித்தது. கராஜ் முழுக்க வெள்ளைப் புகை, கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஓடியதைச் சொல்கிறேன். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன், வடிந்த ஆயிலில் மினுமினுப்பு நிறைய இருந்தது. ரிங் படிகிறவரை மூட்டை ஏற்றாமல், அதற்காக சும்மா ஐடிலிலும் விடாமல், ஹட்டன் பக்கம் ஏற்ற இறக்கமாக ஓட்டினேன். இப்போது ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஊற்றவேண்டிய தேவையே வரவில்லை. நீலப் புகை போயே போய்விட்டது. சக்தி மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: ஆள் நிறைந்த வண்டி றம்பொடை வளைவுகளில் இரண்டாம் கியரில்தான் ஏறும், அதற்கு மேல் மிதித்தால் சத்தம்தான் கூடும். டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஏறுவேன், கொஞ்சம் அசைந்தாலும் ஓரங்கட்டிவிடுவேன்.

டீசல் பம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குத் தனியாக ஆயில் கிடையாது, டீசல்தான் அதன் மசகு. 2022இல் டீசல் வரிசையில் கிடந்த காலத்தில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிய வேன் எதையாவது வாங்குகிறீர்கள் என்றால் பம்ப் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

மிச்சமிருக்கிற தொல்லை ஒன்றுதான். ராத்திரி ஏற்றத்தைப் பார்க்க நிறுத்தினால் டீசல் டாங்கிக்கே திரும்பி இறங்கிவிடுகிறது, காலையில் ஹேண்ட் பம்பை அமுக்கினால்தான் பிடிக்கிறது. அந்த ஹேண்ட் பம்பின் உள்ளே இருக்கிற ரப்பர் டயஃப்ரம்தான் காற்று இழுக்கிறது என்று நினைக்கிறேன். ஒரிஜினல் ஒன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், வருகிறவரை வண்டியை மூக்கு கீழே பார்க்கத்தான் நிறுத்துகிறேன்.