தப்பு நடந்தால் எவ்வளவு பிரிக்கணும்? நான்கு கைவேலைகள், ஒரே கேள்வி

கைக்கு ஒரு வேலை வேண்டும், எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் முடிந்த பொருளின் படத்தைத்தான் காட்டுவார்கள். ஒரு ஸ்வெட்டர், ஒரு குட்டிக் கரடி, சட்டம் போட்ட ஒரு பூங்கொத்து. முடிந்த பொருளைக் கையில் வைத்துப் பார்ப்பது கடைசி ஒரு நாள்தான். அதற்கு முந்தைய வாரங்களெல்லாம் எண்ணுவது, தப்புவது, பிரிப்பது, மறுபடி எண்ணுவது என்றே போகும். அந்த வாரங்கள் பிடித்தால்தான் கைவேலை நிற்கும். அதனால் நிட்டிங் (இரண்டு ஊசியில் நூல் பின்னுவது), குரோஷே (ஒரே கொக்கியில் பின்னுவது), கிராஸ் ஸ்டிட்ச் (துணியில் பெருக்கல் குறித் தையலால் படம் போடுவது), சாதாரணக் கைத்தையல் நான்கையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்: தப்பு நடந்தால் எவ்வளவு தூரம் பிரிக்க வேண்டியிருக்கும்?

முதலில் நிட்டிங்கும் குரோஷேயும். வெளியிலிருந்து பார்த்தால் அக்கா தங்கை. அதே நூல்கண்டு, அதே நாற்காலி மூலை. குணம் மட்டும் எதிரும் புதிரும்.

நிட்டிங்கில் ஒரு வரிசையின் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், அத்தனையும் ஊசியில் திறந்தபடியே தொங்கும். நூறு கண்ணி போட்டிருந்தால் நூறும். ஒன்று நழுவினால் போச்சு. அதன் கீழ் வரிசைக் கண்ணி அவிழும், அதற்குக் கீழே உள்ளது அவிழும், ஏணி மாதிரி இறங்கிக்கொண்டே போகும். குரோஷேயில் கொக்கியில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. மற்றதெல்லாம் அந்தந்த இடத்திலேயே பூட்டிக்கொண்டவை. வாசலில் யாரோ கூப்பிட்டால் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடலாம். திரும்பி வந்து அந்த ஒரு கண்ணியில் கொக்கியை மாட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிரிப்பதும் அப்படித்தான்: கொக்கியை எடுத்துவிட்டு நூலை இழு, தப்பு நடந்த இடம் வந்ததும் நிறுத்து, மறுபடி மாட்டு. பத்து வினாடி வேலை.

நிட்டிங்கில் அதையே செய்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் முதல் மஃப்ளர் நாற்பது கண்ணி அகலம், 4 மி.மீ. ஊசி. ஒரு சாண் வளர்ந்த பிறகு பார்த்தால், எட்டு வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி அனாதையாக நின்றுகொண்டிருந்தது. பதறிப்போய் ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தேன். எட்டு வரிசையோடு நிறுத்தத் தெரியவில்லை. நாற்பது கண்ணிகளையும் திரும்ப ஊசியில் ஏற்றப் போய் இன்னும் நாலு நழுவியது. கடைசியில் மொத்தமும் நூல்கண்டாகவே திரும்பியது.

அதைப் பிரிக்கவே வேண்டாம் என்பது பிறகுதான் தெரிந்தது. மீட்கும் கருவி வேறு எதுவுமில்லை, போட்டிக் கட்சியின் குரோஷே கொக்கிதான். நழுவிய கண்ணிக்குள் கொக்கியை முன்பக்கமிருந்து விடுங்கள். அதற்கு நேர் மேலே குறுக்கே கிடக்கும் நூல்தான் ஏணியின் முதல் படி. அதைப் பிடித்து கண்ணி வழியாக முன்னால் இழுத்தால் ஒரு வரிசை ஏறிவிட்டது. அப்படி எட்டுப் படி. உச்சிக்கு வந்ததும் ஊசியில் மாட்டிவிடலாம். மீட்ட இடம் கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும். ஒரு தடவை நனைத்துக் காயவைத்தால் அக்கம்பக்கத்தோடு சமாதானமாகிவிடும். இந்த வித்தை கைவந்த நாளில்தான் எனக்கு நிட்டிங் மேல் இருந்த பயம் போனது.

நிட்டிங்கில் கற்க வேண்டிய கண்ணி நிட், பர்ல் என்று இரண்டுதான். உண்மையில் அதுவும் ஒன்றேதான். ஒன்றின் முதுகுதான் மற்றொன்று. ஒரு பக்கம் முழுக்க நிட், மறுபக்கம் முழுக்க பர்ல் என்று பின்னினால் கடையில் வாங்கும் ஸ்வெட்டர் மாதிரி வழவழப்பான முகம் கிடைக்கும். ஆனால் ஓரம் பாய் போலச் சுருளும். புதிதாகப் பின்னுபவர்கள் அதைத் தங்கள் கைக்குற்றம் என்று நினைத்து நொந்துகொள்வார்கள். கண்ணியின் முகமும் முதுகும் ஒரே மாதிரி இல்லாததால் துணி ஒரு பக்கமாக இழுபடுகிறது, அவ்வளவுதான். ஓரத்தில் நாலைந்து கண்ணிகளை எல்லா வரிசையிலும் நிட்டாகவே போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நிட்டிங்கின் இன்னொரு கண்டிப்பு அளவு. 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று பேட்டர்ன் (பின்னும் வழிமுறைத் தாள்) சொல்கிறது, உங்கள் கை தளர்ந்து 20 கண்ணியிலேயே 10 செ.மீ. வந்துவிடுகிறது என்று வையுங்கள். 100 செ.மீ. சுற்றளவுக்காகப் போட்ட 220 கண்ணி 110 செ.மீ. ஆகிவிடும். ரெண்டே கண்ணி வித்தியாசம், ஸ்வெட்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, அளந்து பார் என்று எல்லோரும் சொல்வார்கள். யாரும் செய்வதில்லை. நானும்தான்.

குரோஷேயில் இந்தக் கெடுபிடி குறைவு, ஏனென்றால் அதில் பின்னும் பொருள்கள் பெரும்பாலும் உடம்பை அளக்காதவை. பொம்மை, பை, விரிப்பு. கரடிக்குத் தலை ஒரு சுற்று பெருத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? எந்தக் கண்ணியிலும் கூட்டலாம் குறைக்கலாம் என்பதால் பந்து, கூம்பு, அலை எல்லாம் சுலபமாக வரும். 1997-ல் கார்னெல் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் டைனா டைமினா ஹைப்பர்போலிக் தளத்தை, அதாவது வெளியே போகப் போகப் பரப்பு பெருகி அலைபாயும் வளைபரப்பை, கையில் தொட்டுப் பார்க்கும்படி செய்துகாட்டியது குரோஷேயில்தான். குறிப்பிட்ட இடைவெளியில் கண்ணியைக் கூட்டிக்கொண்டே போனார். விளிம்பு கீரை இலை போல மடிப்பு மடிப்பாக அலைந்து நின்றது.

குறையும் உண்டு. குரோஷே துணி தடிமன். அதே பரப்புக்கு நூலும் அதிகம் தின்னும். உடம்போடு ஒட்டி நெகிழும் சட்டை வேண்டுமென்றால் நிட்டிங் பக்கம்தான் வரவேண்டும். குரோஷே ஸ்வெட்டர் போட்டால் சில சமயம் தலையணை உறைக்குள் புகுந்த மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு பெருமை அதற்கு மட்டும். வில்லியம் லீ 1589-ல் நிட்டிங் எந்திரம் கண்டுபிடித்துவிட்டார். நாம் போடும் டி-ஷர்ட் துணியே எந்திரம் பின்னிய நிட்டிங்தான். குரோஷேயை அதேபோலப் பின்னித்தரும் எந்திரம் கடைத்தெருவுக்கு வரவே இல்லை. உண்மையான குரோஷே எங்கே விற்றாலும் அதற்குப் பின்னால் ஒருவருடைய மணிக்கட்டு இருக்கிறது. விலை அதைச் சொல்லாவிட்டாலும்.

சரி, கிராஸ் ஸ்டிட்ச். இது வேறு உலகம். வடிவம் உருவாக்கும் பொறுப்பே நமக்குக் கிடையாது. கட்டம் போட்ட துணி தயாராக இருக்கிறது, பேட்டர்னில் கட்டம் இருக்கிறது, அங்கே பார்த்து இங்கே ஒரு பெருக்கல் குறி. ஐடா என்ற இந்தக் கட்டத் துணியில் 14 கவுண்ட் என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். பத்து அங்குலச் சதுரப் படம் என்றால் 140-க்கு 140, அதாவது 19,600 பெருக்கல் குறி. எண்ணிக்கையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் மூளைக்கு ஓய்வு தருவதில் இதற்கு இணை இல்லை.

ஆறு இழை சேர்ந்த நூலிலிருந்து இரண்டு இழையைப் பிரித்து எடுப்பது வழக்கம். முடிச்சுப் போடத் தேவையில்லாத ஒரு வழி உண்டு. இரட்டை நீளத்தில் ஒரே இழையை எடுத்து நடுவில் மடித்து, இரு முனைகளையும் ஊசிக் காதில் கோர்த்துவிடுங்கள். முதல் தையலில் பின்பக்கம் வளையம் நிற்கும். ஊசி திரும்பக் கீழே போகும்போது அந்த வளையத்துக்குள் நுழைந்தால் நூல் தானே பூட்டிக்கொள்ளும். பெருக்கல் குறியின் மேல்கால் எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய வேண்டும் என்பது மட்டும்தான் சட்டம். மாறினால் வெளிச்சம் படும்போது அந்த இடம் தனியாக மினுங்கும்.

இப்போது நம் கேள்வி. கிராஸ் ஸ்டிட்சில் தப்பு சத்தம் போடாது. திங்கட்கிழமை ஒரு கட்டம் தள்ளி எண்ணியது வியாழக்கிழமை இலை பூவோடு சேராதபோதுதான் தெரியும். பிரிப்பது ஒவ்வொரு தையலாக, ஊசி முனையால். பிரித்த நூல் பஞ்சு தட்டிப் போயிருக்கும், திரும்ப ஆகாது. சிவப்பு, கருப்பு என்றால் வெள்ளைத் துணியில் துகள் ஒட்டிக்கொள்ளும். கம்பளி நூலை எத்தனை தடவை பிரித்தாலும் பெரும்பாலும் கோபித்துக்கொள்ளாது. இது கோபித்துக்கொள்ளும். அதனால் நான் பிரிப்பதில்லை. இலையை ஒரு கட்டம் நகர்த்தி ஒப்பேற்றிவிடுவேன். பூவுக்கு அது தெரியாது. முகம், எழுத்து என்றால் மட்டும் வேறு வழியில்லை, பிரித்தே ஆக வேண்டும். பத்துக்குப் பத்து கட்டமாகத் துணியில் முன்கூட்டியே கோடு போட்டுக்கொண்டால் தப்பு பத்துக் கட்டத்துக்குள் மாட்டிவிடும். கோடு போட்ட பேனா தண்ணீரில் போகிறதா என்று மூலையில் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

நிட்டிங்கும் குரோஷேயும் பழகிய பிறகு டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். கிராஸ் ஸ்டிட்ச் கண்ணைக் கேட்கும். பக்கத்தில் நல்ல விளக்கு வேண்டும். ஓடும் வண்டியில் நினைத்தே பார்க்காதீர்கள்.

கைத்தையலைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு அதிகம் இல்லை. காது வைத்த ஊசி ஏறக்குறைய 40,000 ஆண்டுகளாக மனிதனிடம் இருக்கிறது. அதற்கு என் பரிந்துரை தேவைப்படாது. பிரிக்கும் கணக்கில் பார்த்தால் இதில் தையல் போடுவது ரொம்பச் சாது, நூலை வெட்டி உருவினால் முடிந்தது. ஆபத்து கத்தரிக்கோலில். வெட்டிய துணியைப் பிரிக்க முடியாது. பழகும்வரை வெட்டத் தேவையில்லாத வேலையாக எடுங்கள்: அறுந்த பட்டன், அவிழ்ந்த மடிப்பு, முழங்கைக் கிழிசல். நூல் முழம் நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். இழுபடும் இடத்துக்கு ரன்னிங் ஸ்டிட்ச் (மேலும் கீழுமாக முன்னால் ஓடும் தையல்) போதாது, பேக் ஸ்டிட்ச் (ஒவ்வொரு தையலுக்கும் ஊசி ஓர் அடி பின்னால் வந்து போகும் தையல்) போடுங்கள்.

என்னிடம் கேட்டால் வரிசை இப்படித்தான். பொறுமை குறைவா, குரோஷே. ஒரே வாரத்தில் கையில் ஏதாவது ஒன்று இருக்கும். தனியாக அமைதியாக உட்கார இடமும் வெளிச்சமும் உண்டா, கிராஸ் ஸ்டிட்ச். கைத்தையல் எல்லோருக்கும், இதில் விருப்பம் கேட்கப்போவதில்லை. நிட்டிங்கை மட்டும் இரண்டாவதாக எடுங்கள், கையில் கொக்கி பழகிய பிறகு. நான்கில் என் மனம் இருப்பது அதில்தான் என்றாலும் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம், முதல் நூல் வாங்கும்போது வெளிர் நிறமாக, நடுத்தரத் தடிமனில் பாருங்கள். ஊசி மூங்கிலில் இருந்தால் உலோகத்தைப் போல வழுக்காது. என் அந்த முதல் மஃப்ளர் கருப்பு நிறம். எட்டு வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி நழுவியதே அதனால்தான் அவ்வளவு நேரம் என் கண்ணில் படவில்லை.