பிஃப்த் வீல் டிரெய்லரை மாட்டும்போது: ஹைட்ராலிக் ஜாக்கியா, மோட்டார் காலா?

பிக்கப் டிரக்கின் பெட்டிக்குள் இருக்கும் ஹிட்ச்சில், அதாவது இணைப்புக் கருவியில், மாட்டி இழுக்கும் முகாம் டிரெய்லர்தான் பிஃப்த் வீல். டிரக் விலகியதும் அதைத் தாங்குபவை அதன் கால்கள்; ஆயில் அழுத்தத்தில் நீளும் காலுக்கு ஹைட்ராலிக் ஜாக்கி என்று பெயர். அது பொருத்திய டிரெய்லரைப் பார்க்கப் போனால், கடையில் முதலில் காட்டுவது மட்டம் வைப்பதைத்தான். பொத்தானை அழுத்தியதும் ஆறு கால்களும் இறங்கி, சில நிமிடங்களில் ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் முகாமை விட்டுக் கிளம்பும் காலையில், டிரக்கைப் பின்னால் எடுத்து, டிரெய்லரின் முன்பக்கத்தில் கீழ்நோக்கி நிற்கும் கிங்பின் என்ற இணைப்பு முளையை ஹிட்ச்சின் தாடைக்குள் நுழைக்கும்போது அந்தக் கால்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று அங்கே யாரும் விளக்குவதில்லை. வாங்குவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கும் பிஃப்த் வீல்களில் மூன்று வகை ஏற்பாடுகளைப் பார்க்கலாம். பழையதும் எளியதும் முதல் வகை: ஒரே மோட்டார், குறுக்கே ஒரு தண்டு, அது சுழற்றும் இரண்டு முன்கால்கள். இரண்டாவது, ஒவ்வொரு காலுக்கும் தனி மோட்டார். மூன்றாவது, ஒரே பம்ப்பிலிருந்து வால்வுகள் வழியாக ஆயில் ஓடும் ஹைட்ராலிக்.

டிரெய்லர் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிங்பின் வழியாக டிரக்கின் மேல் உட்காரும். 7,000 கிலோ டிரெய்லர் என்றால் அது 1,400 கிலோ. டிரக் விலகியதும் அந்தப் பாரம் முன்கால்களுக்கு மாறும். கால்கள் கிங்பின்னைவிடச் சக்கரங்களுக்கு அருகில் இருப்பதால், அவை தாங்குவது இன்னும் கொஞ்சம் கூடுதல். இந்தப் பாரத்தை வைத்துக்கொண்டுதான் கிங்பின்னைச் சுற்றியுள்ள டிரெய்லரின் தட்டை ஹிட்ச் தட்டைவிட ஓரிரு சென்டிமீட்டர் தாழ்வாக நிறுத்த வேண்டும். அப்போதுதான் பின்னால் வரும் டிரக் டிரெய்லரின் மூக்கைச் சற்றே தூக்கியபடி நுழையும். தாடையும் கிங்பின்னைச் சரியான இடத்தில் கவ்வும். தட்டு உயரமாக நின்றுவிட்டால் தாடை பூட்டியதுபோலத் தோன்றும், ஆனால் பூட்டியிருக்காது. சாலையில் இழுக்கும்போது டிரெய்லர் நழுவி டிரக்கின் பெட்டிமேல் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த நுணுக்கமான உயரத்தை நிறுத்துவதில் தண்டு வைத்த முதல் வகைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். இரண்டு கால்களும் ஒரே தண்டில் இணைந்திருப்பதால், எந்தக் காலில் பாரம் அதிகம் என்ற பேச்சே இல்லை. இரண்டும் ஒரே அளவுதான் நகரும். மெதுவாக நகரும் என்பது குறை அல்ல, இந்த வேலைக்கு அதுதான் தேவை. கையை எடுத்தால் மரைத்தண்டு அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

ஹைட்ராலிக்கில் நிலைமை வேறு. இரண்டு முன்ஜாக்கிகளுக்கும் ஒரே நேரத்தில் ஆயில் போனால், அது எதிர்ப்புக் குறைந்த பக்கமாகத்தான் முதலில் ஓடும். பாரம் குறைந்த கால் முதலில் நீளும். அதன்மேல் பாரம் ஏறியதும் மற்றது நகரத் தொடங்கும். இறக்கும்போது இதற்கு நேர்மாறு: பாரம் அதிகமான கால் முந்திக்கொள்ளும். டிரெய்லரின் மூக்கு ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று லேசாக ஆடியபடி இறங்குவது இதனால்தான். பழுது ஒன்றும் இல்லை. பொத்தானை நீளமாக அழுத்திப் பிடிக்காமல் விட்டுவிட்டு அழுத்தினால் ஆட்டம் அடங்கும். வேகம் அதிகம் என்பதாலும் இந்தப் பொறுமை தேவைப்படுகிறது.

ஆனால் தரை ஒரு பக்கம் சரிந்திருந்தால் ஹைட்ராலிக்கின் கை ஓங்குகிறது. டிரெய்லர் கிடைமட்டமாக நிற்கும், டிரக்கோ சரிந்த தரையில் நிற்கும். இரண்டு தட்டுகளும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஹைட்ராலிக்கிலும் தனி மோட்டார் வகையிலும் ஒரு முன்காலை மட்டும் இறக்கி, டிரெய்லரின் மூக்கை டிரக்கின் சரிவுக்கு ஏற்பச் சாய்க்கலாம். தண்டு வகையில் அது முடியாது. காலடியில் பலகை வைப்பது, சக்கரத்தின் கீழ் பலகையை எடுப்பது என்று குனிந்து நிமிர வேண்டும்.

அடுத்த கேள்வியில் அனுபவசாலிகளே இரண்டாகப் பிரிகிறார்கள்: மாட்டுவதற்கு முன் நடு, பின் ஜாக்கிகளை மேலே எடுப்பதா, விடுவதா? ஊன்றியே இருந்தால் டிரெய்லர் ஆடாமல் நிற்கும் என்பது ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. அந்த ஜாக்கிகள் டிரெய்லரின் எடையை வாங்கிக்கொண்டால் டயர்கள் தரையை முழுதாக அழுத்தாது. சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டைக்கும் பிடி இருக்காது. அந்த நிலையில் டிரக் வந்து இடித்தால், தள்ளு முழுவதும் நீட்டிய பிஸ்டன் தண்டுகளின் பக்கவாட்டில் இறங்கும். மேலும் கீழுமாகப் பாரம் தாங்கச் செய்த தண்டு அது. பக்கவாட்டில் வளைந்தால் சீல் கிழியும், ஆயில் கசியும். அதனால் முதலில் முட்டுக்கட்டை, பிறகு நடு, பின் ஜாக்கிகளை மேலே எடுத்து டயர்களைத் தரையில் உட்காரவைப்பது, கடைசியில் முன்ஜாக்கிகளோடு மட்டும் வேலை.

தாடை பூட்டியபின் செய்யும் இழுவைச் சோதனையிலும் இதே கவனம் வேண்டும். மின்கேபிளை மாட்டி, டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு டிரக்கை மெல்ல முன்னால் இழுக்கிறோம். முன்கால்கள் தரையை விட்டு ஒரு விரல்கடை எழும்பியிருந்தால் போதும். தாடை விட்டுவிட்டால் டிரெய்லர் அந்தக் கால்கள்மேலேயே இறங்கும். பாரத்தோடு ஊன்றிய நிலையில் இழுத்தால் எந்த வகைக் காலுக்கும் கேடு, ஹைட்ராலிக்குக்கு அதிகக் கேடு.

கழற்றும்போது குறித்துவைத்த உயரத்துக்குத் தானாகத் திரும்பும் வசதி ஹைட்ராலிக்கிலும் தனி மோட்டாரிலும் வருகிறது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். டிரெய்லரின் பாரம் இறங்கியதும் டிரக்கின் ஸ்பிரிங் எழும்பிவிடும். பாரம் இருந்தபோது குறித்த உயரம், வெறும் டிரக் திரும்பி வரும்போது பொருந்தாது; மிகவும் தாழ்ந்திருக்கும். கழற்றும்போது இரண்டு தட்டுகளுக்கும் இடையே வெளிச்சம் தெரியத் தொடங்கும் நேரத்தில் முன்காலில் ஒரு கோடு போட்டுக்கொள்வது இன்னும் நம்பகமானது.

இரவுக் குளிரில் ஜாக்கி இறங்கிவிடும் என்ற பயத்துக்கு ஒரு கணக்கு: ஆயில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.07 சதவீதம் சுருங்கும். பகலைவிட 15 டிகிரி குறைந்தால், 40 சென்டிமீட்டர் நீட்டிய ஜாக்கி 4 மில்லிமீட்டர் இறங்கலாம். மாட்டுவதற்கு அது பொருட்டே அல்ல. ஒரே இரவில் அதைவிடப் பல மடங்கு இறங்கினால், வால்வையோ சீலையோ பார்க்க வேண்டும்.

மின்சாரம் போனால் தண்டு வகையைக் கைப்பிடி போட்டுச் சுற்றலாம். ஹைட்ராலிக் பம்ப்பைப் பலவற்றில் டிரில்லால் சுழற்ற முடியும், வால்வைக் கையால் திறக்க வேண்டும். இதை வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பழகிவிடுவது நல்லது.

வார இறுதிதோறும் மாட்டிக் கழற்றும் சிறிய டிரெய்லருக்குத் தண்டு வகையே போதும் என்பேன். 7,000 கிலோவைத் தாண்டிய டிரெய்லரோடு சரிந்த இடங்களில் வாரக்கணக்கில் தங்குபவர் ஹைட்ராலிக்கை எடுக்கலாம். தனி மோட்டார் வகை, ஆயில் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு. எதைப் பார்க்கப் போனாலும், ஒரு முன்காலின் கீழ் மட்டும் பலகை வைத்து மூக்கை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் நின்று கிங்பின் தட்டின் இரண்டு ஓரங்களையும் கவனியுங்கள்.