ஆதம்பாக்கத்தில் ஜிப்ஸி பார்க்கும் பட்டறை

என்னுடையது 2005 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், நாலு சக்கரத்துக்கும் இழுவை தரக்கூடிய ஜீப் மாதிரி வண்டி. மாமா வாங்கிய வண்டி, 2014இல் என் கைக்கு வந்தது. நான் கால்நடை மருத்துவர். வேளச்சேரியில் வீடு. கேளம்பாக்கம், திருப்போரூர் தாண்டி உள்ளே இருக்கும் கிராமங்களுக்கு வாரத்தில் 4 நாள் போகிறேன். மழைக்காலத்தில் ஏரிக்கரை மேல் ஏறி, சேற்றில் இறங்கி, கொட்டகை வாசல் வரை கொண்டுபோய் விடும் வண்டி இது. 2019இல் மாருதி ஜிப்ஸியை நிறுத்திவிட்டது. இப்போது சாமான் கிடைப்பதைவிட அதைச் சரியாகப் பொருத்தத் தெரிந்த கை கிடைப்பதுதான் கஷ்டம். எனக்குக் கிடைத்த கையைப் பற்றி எழுதுகிறேன்.

போன வருடம் ஆடியில் ஆரம்பித்தது தொல்லை. 55, 60 வேகத்தில் போகும்போது முன்சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கினால் போதும், ஸ்டீயரிங் இடமும் வலமுமாகப் படபடவென்று அடித்துக்கொள்ளும். வேகத்தை 30க்குக் கீழே கொண்டுவந்தால்தான் நிற்கும். நாவலூர் பக்கம் ஒருநாள் பின்னால் தண்ணி லாரி ஒட்டிக்கொண்டு வரும்போது அப்படி ஆனது. வீடு வந்து சேரும்வரை கை நடுங்கியது. முதலில் காட்டிய இடத்தில் வீல் பேலன்சிங், அலைன்மென்ட் செய்தார்கள். இரண்டாவது தடவையும் அதையே செய்தார்கள். மூன்றாவது தடவை ஸ்டீயரிங் ஆட்டத்தை அடக்கும் டேம்பரைப் புதிதாக மாற்றினார்கள். ஒரு மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான். 9,000 ரூபாய் போனதைவிட, ஒருவரும் சக்கரத்தைக் கையால் பிடித்து ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. மாட்டைத் தொட்டுப் பார்க்காமல் நான் ஊசி போடுவதில்லை.

பால் சொசைட்டிக்கு டெம்போ ஓட்டும் ஒருவர் சொல்லித்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன். பரங்கிமலை ஸ்டேஷனிலிருந்து ஆதம்பாக்கம் பக்கம் இறங்கினால் ஒரு சந்துக்குள் இருக்கிறது. போர்டு கிடையாது. தகர ஷெட், வாசலில் வேப்பமரம், மரத்தடியில் எப்போதும் இரண்டு மூன்று ஜிப்ஸி, ஒரு பழைய மஹிந்திரா ஜீப். நடத்துபவர் ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ராணுவம் ஆயிரக்கணக்கில் ஓட்டிய வண்டி ஜிப்ஸி. அவருக்கு அதன் ஒவ்வொரு போல்ட்டும் தெரியும். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை டாக்டரம்மா என்பார்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். சாவி வாங்கவில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வைத்தார். சக்கரத்தின் தலையில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து ஆட்டினார். லொடலொடவென்று ஆடியது. “ஏறி பிரேக்கை மிதிங்க டாக்டரம்மா” என்றார். மிதித்தேன். மறுபடி ஆட்டினார், ஆட்டம் அப்படியே இருந்தது. “பிரேக் பிடிச்சா ஆட்டம் நிக்கணும், அப்படின்னா வீல் பேரிங். நிக்கல பாருங்க. இது கிங் பின்.” இரண்டே நிமிடம். இந்தச் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

ஜிப்ஸியின் முன் ஆக்சில் ஒரே கட்டை. சக்கரம் திரும்புவதற்கு ஆக்சிலின் இரண்டு முனையிலும் உருண்டையான நக்கிள் இருக்கிறது. அதன் மேலும் கீழும் ஒவ்வொரு கிங் பின், அதாவது நக்கிள் திரும்ப அச்சாக இருக்கும் முளை, அதற்குச் சின்ன டேப்பர் பேரிங். அந்த பேரிங் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை, ஸ்டீயரிங் திரும்பும் அளவுக்கு மட்டும் அசையும். நம் ரோட்டின் அடி முழுவதும் வருடக்கணக்கில் அதே இடத்தில் விழுகிறது. கழற்றிய கீழ் பேரிங்கின் கப்பை, அதாவது உருளைகள் உட்காரும் வளையத்தை, துணியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். பார்க்கப் பளபளப்பாகத்தான் இருந்தது. நகத்தால் சுற்றிலும் தடவினேன். உருளை உட்கார்ந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு பள்ளக் கோடு, நகம் தட்டித் தட்டிப் போனது. என் 9,000 ரூபாய்க்குப் பதில் அந்தக் கோடுகளில்தான் இருந்தது.

நக்கிளுக்குள் இன்னொரு பிரச்சினை. உள் ஆயில் சீல் போய், முன் டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் கியர்) ஆயில் கசிந்து கிரீஸோடு கலந்து, கேழ்வரகுக் கூழ் பதத்தில் கறுப்பாக வழிந்தது. சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததை நான் பிரேக் ஆயில் என்று நினைத்திருந்தேன்.

சாமான் நாமே வாங்கித் தர வேண்டும். சீட்டில் எழுதிக் கொடுத்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்கு அனுப்பினார். பேரிங், சீல் எல்லாம் புதிது, அதில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. முன்சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் லாக்கிங் ஹப்பின் மூடி உடைந்திருந்தது, அதை மட்டும் புதுப்பேட்டையில் பழையது பார்த்துக்கொள்ளச் சொன்னார். உரசித் தேயும் சாமானைப் பழையது வாங்காதே, வார்ப்புச் சாமான் என்றால் விரிசல் பார்த்து வாங்கு என்பது அவர் கணக்கு. நானும் இப்போது அதைத்தான் பின்பற்றுகிறேன்.

மாட்டும்போதும் நான் பக்கத்திலேயே இருந்தேன். புது பேரிங் போட்டு போல்ட்டை முறுக்கினால் வேலை முடிந்துவிடாது. கிங் பின்னுக்கு அடியில் மெல்லிய தகடுகள் வரும், ஷிம் என்பார்கள். எத்தனை ஷிம் என்பதில்தான் இறுக்கம் இருக்கிறது. மீன்காரர்கள் வைத்திருக்கும் வில் தராசு ஒன்று அவரிடம் இருக்கிறது. கொக்கியை நக்கிளின் கை முனையில் மாட்டி, மெதுவாக இழுத்தார். நக்கிள் அசையத் தொடங்கும்போது முள் முக்கால் கிலோவில் நின்றது. “பத்தாது” என்று கழற்றி, ஒரு ஷிம்மை எடுத்துவிட்டு மறுபடி முறுக்கி இழுத்தார். ஒன்றரை கிலோ. தலையாட்டினார். அடுத்த பக்கத்துக்கும் அதே பொறுமை.

அதோடு பின் டிஃபரன்ஷியல் ஆயிலையும் பார்க்கச் சொன்னேன், வேளச்சேரியில் தேங்கிய மழைத் தண்ணீரில் இரண்டு நாள் ஓட்டியிருந்ததால். வடிந்தது பால் காபி நிறத்தில் இருந்தது. தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஆக்சில் மேல் இருக்கும் பிரீதர் குழாய், உள்ளே இருக்கும் காற்று வந்துபோகும் குழாய், வெடித்திருந்தது. புது ஹோஸ் போட்டு, பாடிக்குள் உயரமான இடத்தில் கொண்டுபோய்க் கட்டினார். ஆயில் மாற்றும்போது ஊற்றும் மூடியை முதலில் திறந்து பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் மூடியில் கை வைக்க வேண்டும் என்று சொன்னார். வடித்த பிறகு மேல் மூடி திறக்க வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஃபோர் வீலை மாதம் ஒருமுறையாவது மண்ணிலோ சேற்றிலோ போட்டு ஓட்டச் சொன்னார், முன் டிஃபரன்ஷியல் ஆயில் எல்லா இடத்துக்கும் போகும். தார் ரோட்டில் போடவே கூடாது. ஃபோர் வீலில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும், திருப்பத்தில் அந்த முறுக்கை கியரும் டயரும்தான் தாங்குகின்றன.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 3 நாள் என்றார், 8 நாள் ஆனது. ஷெட்டின் ஒரு பக்கம் திறந்தவெளி, மழை பெய்தால் வேலை நிற்கும். போன் எடுக்கமாட்டார், நேரில்தான் போக வேண்டும். எனக்கு வேலைக்கே வண்டி வேண்டும் என்பதால் அந்த 8 நாள் ஆட்டோவுக்கு நிறையச் செலவானது. டிங்கரிங், ஏசி, வயரிங் எதுவும் செய்வதில்லை. டிரைவர் மிதியடிக்குக் கீழே கடல்காற்றில் துரு பிடித்து ஓட்டை விழுந்திருந்ததைக் காட்டினார், ஆனால் அதை வேறு இடத்தில்தான் அடைத்தேன்.

கூலி 4,500, சாமான் 5,800. கழற்றிய பழைய பேரிங், சீல் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். கேட்காமலே கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது.

இப்போது 5 மாதம் ஆகிறது. நாவலூரில் அதே பள்ளத்தில் 60இல் இறங்கியிருக்கிறேன், ஸ்டீயரிங் அசையவில்லை. கிளட்ச் விடும்போது பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரோப்பல்லர் ஷாஃப்ட்டை அண்ணன் கையால் திருகிப் பார்த்து, அதன் மூட்டில் இருக்கும் கிராஸ் தேய ஆரம்பித்திருக்கிறது, பொங்கல் கழித்துக் கொண்டுவாருங்கள் என்றார். காலை 9 மணிக்குள் போனால் ஆள் நிச்சயம் இருப்பார்.