மலையில் வைஃபை பிரிண்டர்: ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால் எங்கே பார்ப்பது

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் வைஃபை உள்ள இங்க் டேங்க் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அச்சின் தரத்தைக் குறை சொல்வது அபூர்வம். பில், பட்டா நகல், பிள்ளைகளின் ப்ராஜெக்ட், தேயிலை இலை எடைக் கணக்கு எல்லாம் சுத்தமாக வரும். ஒருமுறை ஊற்றிய கருப்பு மை ஆயிரக்கணக்கான பக்கங்களுக்குத் தாங்கும். தொல்லை வேறு இடத்தில்தான். நேற்று வரை ஓடிய பிரிண்டர் இன்று காலை கம்ப்யூட்டரில் ‘ஆஃப்லைன்’ என்று நிற்கும். உடனே டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். அன்றைக்கு ஓடும். அடுத்த முறை கரண்ட் போய் வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

பல மழைக்காலங்கள் இந்த வகைப் பிரிண்டர்களை ஓட்டிப் பார்த்ததில் உறுதியாகச் சொல்லலாம்: இங்கே பெரும்பாலும் பிரிண்டரும் கெடுவதில்லை, டிரைவரும் கெடுவதில்லை. ரௌட்டர் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் எண்ணான ஐபி முகவரி மாறிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழையில் ஒரு கற்பூர மரக்கிளை கம்பியில் விழுந்தால் போதும், வீட்டில் ரௌட்டர், பிரிண்டர், போன் எல்லாம் ஒன்றாக அணைந்து ஒன்றாக எழும். அப்போது ரௌட்டர் முகவரிகளைப் புதிதாகப் பங்கு போடும். முன்பு 192.168.1.5-ல் இருந்த பிரிண்டர் இப்போது 192.168.1.8-ல் இருக்கும். கம்ப்யூட்டர், வீடு மாறியது தெரியாத தபால்காரர் போல, 5-ன் வாசலிலேயே தட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் நடக்கும். பிரிண்டர் சில நொடிகளில் எழுந்துவிடும். ஃபைபர் ரௌட்டர் முழுதாக எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். ரௌட்டரைத் தேடிப் பார்த்துவிட்டுச் சில மாடல்கள் சும்மா இருந்துவிடும், அல்லது 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாமே போட்டுக்கொள்ளும். பிரிண்டர் அச்சிட்டுத் தரும் நெட்வொர்க் தாளில் (எடுக்கும் முறை கீழே) அந்த எண்ணைப் பார்த்தால் ரௌட்டர் முகவரி கொடுக்கவே இல்லை என்று பொருள். ரௌட்டரின் விளக்குகள் எல்லாம் நிலைத்த பிறகு பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். டிரைவர் பக்கமே போக வேண்டாம்.

பிரிண்டரா, நெட்வொர்க்கா, கம்ப்யூட்டரா என்று பிரித்தறிய ஒரே சோதனை போதும். முதலில் பிரிண்டரின் இப்போதைய முகவரியைக் கண்டுபிடியுங்கள். திரை உள்ள மாடலில் நெட்வொர்க் மெனுவில் இருக்கும். திரை இல்லாத மாடலில் ஒரு பட்டனை, சிலவற்றில் இரண்டு பட்டன்களைச் சேர்த்து, சில நொடி அழுத்தினால் நெட்வொர்க் நிலைத் தாள் அச்சாகும். எந்தப் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் பாருங்கள். அந்த முகவரியைக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் தட்டுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் வழி சரியாக இருக்கிறது, கோளாறு கம்ப்யூட்டருக்குள். திறக்காவிட்டால் கம்ப்யூட்டரில் எதைத் திருத்தினாலும் பயனில்லை, வைஃபையைப் பாருங்கள்.

பக்கம் திறக்கவில்லையா? முதலில் கம்ப்யூட்டர் எந்த வைஃபையில் இருக்கிறது என்று பாருங்கள். மலையில் இதுதான் அடிக்கடி மாட்டும் இடம். மண் சரிந்து ஃபைபர் அறுந்தால் எல்லாரும் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிவிடுவோம். லேப்டாப் ஹாட்ஸ்பாட்டில், பிரிண்டர் ரௌட்டரில். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது. அச்சடிக்க இன்டர்நெட் தேவையில்லை என்பதைப் பலர் நினைப்பதில்லை. ஃபைபர் அறுந்திருந்தாலும் ரௌட்டரில் கரண்ட் இருந்தால் போதும். ஃபைலை இறக்கிக்கொண்டு, லேப்டாப்பை ரௌட்டர் வைஃபைக்கு மாற்றி அச்சடியுங்கள். விருந்தினருக்கென்று வைத்த கெஸ்ட் வைஃபையும் இப்படித்தான்; அதில் இருக்கும் கருவிகள் மற்றவற்றைப் பார்க்காதபடி பெரும்பாலான ரௌட்டர்கள் தடுத்துவிடும். ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் பில் அடிக்கும் கம்ப்யூட்டரை அதில் வைக்கக்கூடாது.

அடுத்தது அலைவரிசை. விலை குறைந்த பிரிண்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். புது ரௌட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டுகின்றன, முதல் முறை இணைக்கும்போது தகராறு இங்கேதான் வரும். ரௌட்டர் அமைப்பில் 5-ஐச் சற்று நேரம் அணைத்து வையுங்கள், அல்லது இரண்டுக்கும் தனிப் பெயர் கொடுங்கள். வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் பழைய டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். 2.4-ன் சேனலைத் (அதன் உட்பிரிவை) தானாகத் தேர்வு செய்ய விடாமல் 1, 6, 11-ல் ஒன்றில் நிறுத்துவது நல்லது. பழைய பங்களாக்களின் கனத்த கல் சுவரும், தகரக் கூரையும் சிக்னலைத் தின்றுவிடும். நடுவில் ஒரே ஒரு கல் சுவர் இருந்தாலும் பிரிண்டரை ரௌட்டர் இருக்கும் அறைக்கே கொண்டுபோய்விடுங்கள்.

இனி நிரந்தரத் தீர்வு. பிரவுசரில் ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபி பகுதியில் முகவரி ஒதுக்கீடு என்ற பொருளில் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். பிரிண்டரின் மேக் முகவரியை (கருவிக்கே உரிய எண், நெட்வொர்க் தாளில் இருக்கும்) அங்கே பதிந்து ஒரு ஐபி முகவரியை அதற்கே ஒதுக்குங்கள். பிரிண்டரிலேயே முகவரியைக் கையால் போடுவதும் உண்டு, ஆனால் ரௌட்டரை மாற்றும் நாளில் அது தலைவலி. ஒதுக்கீடே மேல்.

பிறகு விண்டோஸில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து போர்ட்ஸ் பக்கத்துக்குப் போங்கள்; அச்சு எந்த வழியில் பிரிண்டருக்குப் போகிறது என்பது அங்கே இருக்கும். டபிள்யூஎஸ்டி என்று இருந்தால், ஆட் போர்ட், ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட், நியூ போர்ட் என்று போய், ஒதுக்கிய முகவரியைத் தட்டுங்கள். டபிள்யூஎஸ்டி பிரிண்டரைத் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கும் முறை. தேடல் சரியாக நடந்தால் வசதிதான், ஆனால் கரண்ட் போய் வந்த பின் அது தடுமாறுவதுதான் நம் பிரச்சினை. புது போர்ட்டைப் போட்டபின் கன்ஃபிகர் போர்ட்டில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ (பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் முறை) என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். வீட்டுப் பிரிண்டர்கள் பல இந்த விசாரிப்புக்குப் பதில் தருவதில்லை. பதில் வராததை வைத்து விண்டோஸ் பொய்யாக ஆஃப்லைன் காட்டும். இப்படி மாற்றினால் சில மாடல்களில் திரையில் மை அளவு தெரியாமல் போகலாம். டேங்க் கண்ணாடி போலத்தானே இருக்கிறது, கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். சில நிறுவனங்களின் டிரைவர் தன் சொந்தப் போர்ட்டில் மட்டுமே ஓடும், அதனால் பழைய போர்ட்டை நீக்காமல் வைத்திருந்து, சோதனைப் பக்கம் வந்தபின் முடிவெடுங்கள்.

பிரவுசரில் பக்கம் திறந்தும் அச்சு வராவிட்டால் வரிசையில் ஏதோ சிக்கியிருக்கிறது. சர்வீசஸ் பட்டியலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ (அச்சு வரிசையைக் கவனிக்கும் சேவை) என்பதை நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழித்துவிட்டு ஸ்பூலரைத் திரும்ப ஓடவிடுங்கள். ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்’ என்பதையும் அணையுங்கள். இல்லாவிட்டால் பிடிஎஃப் ஆக்கும் பிரிண்டரைக் கடைசியாகப் பயன்படுத்தினால் அதுவே டீஃபால்ட் ஆகி, தாள் வராமல் குழப்பும்.

ஒரு கம்ப்யூட்டரில் செருகிய பிரிண்டரை அலுவலகத்தில் மற்றவற்றுக்குப் பகிர்ந்து வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2021-ல் ஸ்பூலரில் கண்ட பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பின் வந்த விண்டோஸ் அப்டேட்களால் 11பி என்று முடியும் பிழை எண் பரவலாக வந்தது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேட்டில்) அந்தப் பாதுகாப்பை அணைக்கும் குறுக்குவழி இணையத்தில் கிடைக்கும், அதைச் செய்யாதீர்கள். எல்லாக் கம்ப்யூட்டரையும் முழுதாக அப்டேட் செய்யுங்கள். அதைவிட நல்லது, பிரிண்டரை நேராக ரௌட்டரில் இணைத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அதன் முகவரிக்கே அனுப்பும்படி வைப்பது.

யுஎஸ்பி ஒயரைப் பெட்டியோடு பரணில் போட்டுவிடாதீர்கள். இணையம், ரௌட்டர் இரண்டும் படுத்த நாளில் கைகொடுப்பது அதுதான். 5 மீட்டருக்கு மேல் நீளமான ஒயர் வேண்டாம், 1.5 அல்லது 2 மீட்டரே போதும். ஹப்பில் செருகாமல் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகுங்கள், ஒவ்வொரு முறையும் அதே துளையில். துளை மாறினால் விண்டோஸ் அதை வேறு பிரிண்டராக நினைத்து ‘காப்பி 1’ என்று இன்னொன்றை உருவாக்கும், பழையது மங்கிப்போய் ஆஃப்லைனில் நிற்கும். மாதக்கணக்கில் பனியும் மழையுமாக இருக்கும் இடத்தில் துளையின் உலோகத்தில் பச்சை படியும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள்.

கரண்ட் விஷயத்தில் இரண்டு வேலை செய்தால் பாதித் தொல்லை தீரும். ரௌட்டருக்கு ஒரு சின்ன டிசி யுபிஎஸ் (கரண்ட் போனாலும் அதை ஓடவைக்கும் பேட்டரிப் பெட்டி) வாங்குங்கள். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். பிரிண்டரை எப்போதும் அதன் சொந்தப் பட்டனில் அணையுங்கள். சுவர் சுவிட்சை அணைத்தால் மைத் தலை மூடிக்குள் போகாமல் திறந்தே நின்று காய்ந்துவிடலாம். திடீரென்று கரண்ட் போனாலும் இதே நிலைதான், ஆகவே வந்ததும் ஒருமுறை போட்டு, பட்டனில் அணைத்து வையுங்கள். இங்க் டேங்க் பிரிண்டர் இன்வெர்ட்டரில் தாராளமாக ஓடும். லேசர் பிரிண்டரை மாட்டாதீர்கள். தாளைச் சூடாக்கும் பகுதி ஒரே மூச்சில் பெரும் கரண்ட்டை இழுக்கும்.

தாளைப் பற்றிச் சுருக்கமாக. ஈரத்தில் ஊறிய தாள் சுருண்டு சிக்கும், பிரிண்டர் பிழை காட்டி நிற்கும், கம்ப்யூட்டரோ அதையும் இணைப்புக் கோளாறு போலக் காட்டும். பிரித்த பண்டலைச் சிலிக்கா ஜெல்லோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், தட்டில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வையுங்கள். இவ்வகைப் பிரிண்டர்களுக்கு 10 டிகிரிக்குக் கீழே வேண்டாம் என்றே பல கையேடுகள் சொல்கின்றன. மார்கழி, தையில் ஊட்டியில் விடிகாலை அறை அதற்கும் கீழே இறங்கும். வெயில் ஏறியபின் அச்சடியுங்கள்.

புதிதாக வாங்குவோர் முகவரியைக் காட்டும் சிறு திரையும் லேன் துளையும் (நெட்வொர்க் ஒயர் செருகும் இடம்) உள்ள மாடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயங்க வேண்டாம். லேன் ஒயரில் போட்டால் வைஃபை தொல்லை முழுக்கப் போய்விடும், 100 மீட்டர் வரை இழுக்கலாம். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளியே இழுத்திருந்தால் மட்டும் சித்திரை, வைகாசி இடி மின்னலில் கழற்றி வையுங்கள்.

சர்வீசுக்குக் கோவை வரை இறக்க நேர்ந்தால் டேங்க் மூடிகளை இறுக்கி, போக்குவரத்துப் பூட்டு உள்ள மாடலில் அதைப் பூட்டி, பிரிண்டரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வண்டியில் சமமாக வையுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் சாய்ந்தால் மை உள்ளே கசிந்து, இணைப்புக்காகக் கொண்டுபோனது வேறு பழுதோடு திரும்பும். நெட்வொர்க் தாளையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.