நேப்பியர் கடைவீதியில் வழிகாட்டியுடன் ஒரு நடை

நியூசிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள நேப்பியர் நகரின் கடைவீதிகளை வழிகாட்டியுடன் நடந்து பார்க்கும் சுற்றுலாவை, கட்டடக்கலையில் பழக்கமில்லாதவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். 1931 பிப்ரவரி 3 அன்று 7.8 அளவில் நேர்ந்த நிலநடுக்கம் அவ்வட்டாரத்தில் 256 பேரைப் பலிகொண்டது. மருந்துக் கடைகளில் பற்றிய தீயை, குழாய்கள் உடைந்து தண்ணீர் நின்றுபோனதால் அணைக்க இயலாமல், வணிகப் பகுதி எரிந்து போனது. இன்று அங்கே காண்பவற்றுள் பெரும்பாலானவை அடுத்த சில ஆண்டுகளில் எழுந்த கட்டடங்களே.

ஒவ்வொரு வடிவத்துக்கும் காரணம் சொல்வதே இந்த நடையின் சிறப்பு. செங்கல் கட்டடங்களின் துருத்திய அலங்காரங்களும் கைப்பிடிச் சுவர்களும் தெருவிலிருந்தவர்கள் மேல் சரிந்து விழுந்த பிறகு, இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் சுவரில் ஒட்டினாற்போன்ற தட்டையான புடைப்பு வேலையே பாதுகாப்பானதாகத் தோன்றியது. பொருளாதார மந்தநிலைக் காலத்துக்கு அதுவே கட்டுப்படியாகவும் இருந்தது. நேர்கோடுகளும் வடிவியல் கோலங்களும் கொண்ட ஆர்ட் டெகோ என்ற அக்காலக் கட்டடப் பாணி ஊருக்குள் வந்தது வெறும் மோகத்தால் அன்று என்பது இதைக் கேட்ட பின்னரே புரிகிறது. தெரு முனைகளில் கட்டடங்களின் மூலை வெட்டப்பட்டிருப்பதும், மின்கம்பிகள் நிலத்தடியில் போனதும், நடைபாதைக் கூரைகள் தூணின்றி மேலிருந்து கம்பிகளால் தாங்கப்படுவதும் அந்த மறுகட்டுமானத்தின் முடிவுகளே.

டென்னிசன் தெருவில் 1932இல் கட்டப்பட்ட டெய்லி டெலிகிராப் கட்டடம், கதிர் விரிக்கும் சூரியனும் கோணல்மாணலாக மடிந்து செல்லும் கோடுகளுமாக, இப்பாணியின் இலக்கணம் முழுவதையும் ஒரே முகப்பில் அடக்கியிருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது, ஹேஸ்டிங்ஸ் தெருவும் எமர்சன் தெருவும் சந்திக்கும் மூலையிலுள்ள வங்கி. அதன் உட்கூரை ஓரத்தில் சிவப்பு, கறுப்பு, வெள்ளையில் ஓடும், நியூசிலாந்தின் பழங்குடிகளான மாவோரி மக்களின் ஓவியக் கோலங்கள், உலகெங்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட அக்காலப் பாணிக்கு இந்த மண்ணின் முகத்தைத் தருகின்றன. 1922இல் கட்டப்பட்டு நிலநடுக்கத்தையும் தாங்கி நின்ற பப்ளிக் டிரஸ்ட் கட்டடத்தின் கனத்த தூண்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

குறை உண்டு. கீழ்த்தளங்கள் பலவற்றில் பழைய கடைமுகப்புகள் போய், பெரிய கண்ணாடியும் விளம்பரப் பலகையும் வந்துவிட்டன. ஆகவே நிமிர்ந்து பார்க்காமல் நடப்பவருக்கு இது வேறெந்தக் கடைத்தெருவாகவும் தோன்றலாம். நான் சென்ற குழுவின் வழிகாட்டி இதைப் பற்றிப் பேசாமல், ஆண்டுதோறும் பிப்ரவரியில் இங்கே நடக்கும் ஆர்ட் டெகோ விழாவின் பழங்கால உடைகளையும் கார்களையும் பற்றி நெடுநேரம் சொன்னார். மேலும், லூயிஸ் ஹே வடிவமைத்த, ரோஜாக்கள் செதுக்கிய வளைவுடைய நேஷனல் டொபாக்கோ கம்பெனி கட்டடம் துறைமுகம் உள்ள அஹுரிரியில் இருப்பதால் இந்த நடையில் இடம்பெறவில்லை. அதற்குத் தனியே நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.